ஐந்தாவது டேப்பில் இரண்டு பேர்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "சத்தம் போடறது" என்று சொல்லிவிடுவேன். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் கேட்டவரின் கண் மெதுவாகத் தன் செல்போன் பக்கம் போய்விடும், அந்த அவமானம் எதற்கு? விளம்பரங்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் பின்னணிச் சத்தம் செய்து கொடுப்பவன் நான். இசை அல்ல. கதவு, காற்று, ஆளில்லாத மாடிப்படி, பக்கத்து வீட்டு மிக்ஸி. பார்ப்பவர் காதில் விழுந்தும் கவனத்தில் விழாதவை எல்லாம் என் இலாகா. அபிராமபுரத்தில் பழைய அடுக்ககம் ஒன்றின் இரண்டாவது மாடியில், கட்டியவர் ஸ்டோர் ரூம் என்று நினைத்துக் கட்டிய அறையில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன்.

மனைவிக்குத் தரமணியில் வேலை. காலையில் ஆபீஸ் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு, மயிலாப்பூரில் பள்ளிக்கூடம். அவளை ஸ்கூட்டரில் கொண்டு போய் விடுவதும் கூட்டி வருவதும் நான்தான். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அப்பா என்றால் எங்கள் தெருவுக்கு வேலையில்லாத அப்பா என்றுதான் அர்த்தம். அதில் எனக்கு நிறையக் கோபம் உண்டு. ஆனால் மகள் என் முதுகில் ஹெல்மெட்டை முட்டிக்கொண்டு, டீச்சர் சொன்னது, தோழி சொல்லாதது, டப்பாவில் இருந்த இட்லியின் கதி என்று லஸ் வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாளே, அதற்காக அந்தக் கோபத்தை எல்லாம் தள்ளுபடி செய்துவிடலாம்.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. நான்தான் போட்டேன். என் காதில் ஹெட்போன் இருந்தால் யாரும் கூப்பிடக் கூடாது. சத்தத்தைக் கூர்ந்து கேட்கும்போது கண் திறந்திருக்கும், பார்வை சுவரில் நிற்கும், கை பாதியில் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் உறைந்துபோன மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில் மனைவி பயந்திருக்கிறாள், அப்புறம் பழகிவிட்டது. "அப்பா கேட்டுட்டு இருக்கார், தொந்தரவு பண்ணாதே" என்று மகளுக்கும் பழக்கிவிட்டாள். கேட்கும்போது நான் இந்த உலகத்திலேயே இருப்பதில்லை என்று நண்பர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வேன்.

அந்த வருஷம் ஒரு பேய்த் தொடர் வந்தது. இளம் இயக்குநர். "ரத்தம், கோரம் எதுவும் வேணாம் சார். வீட்டுல யாரும் இல்ல, ஆனா இருக்காங்க. அது மட்டும் போதும்" என்றார். எல்லா இயக்குநர்களும் இப்படித்தான் ஒன்றும் வேண்டாம் என்று ஆரம்பித்து உயிரை எடுப்பார்கள். ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. அதற்காகவே ஒரு டிலே மாட்யூல் வாங்கினேன். மனைவியிடம் பாதி விலைதான் சொன்னேன்.

டிலே என்பது உள்ளே போன சத்தத்தைப் பிடித்து வைத்துச் சற்றுத் தாமதித்துத் திருப்பிக் கொடுக்கும் கருவி. கிணற்றுக்குள் கத்தினால் நடப்பதுதான். நான் வாங்கியது ஒரே சத்தத்தை எட்டு முறை, எட்டு விதமாகத் திருப்பிக் கொடுக்கும். அந்த எட்டில் ஒவ்வொன்றையும் டேப் என்பார்கள். ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு பட்டன், பட்டனுக்குள் ஒரு சின்ன விளக்கு. ஒரு பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் அதன் விளக்கு சிமிட்டும், மற்ற ஏழும் வாயை மூடிக்கொள்ளும், பலகையில் இருக்கும் குமிழ்கள் எல்லாம் அந்த ஒரு டேப்புக்கு மட்டும் சொந்தமாகிவிடும். எவ்வளவு தாமதம், எவ்வளவு சத்தம், இடமா வலமா, தெளிவா மங்கலா, சுருதி மேலா கீழா என்று திருப்பி வைத்துவிட்டு விரலை எடுக்க வேண்டும். அதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். திரை கிரை எதுவும் கிடையாது. எதில் என்ன வைத்தோம் என்று பார்க்க முடியாது, ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில் நிலைப்படிக்கு மேலே ஓர் ஆணியில் மைக்கைத் தொங்கவிட்டேன். எங்கள் வீட்டுச் சத்தம்தான் மாட்யூலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. எட்டு டேப்பையும் எட்டு ஆட்களாக நினைத்துக்கொண்டேன். ஒருத்தி சமையலறையில் நிற்பவள், ஒருவர் படியேறிக்கொண்டே இருப்பவர், இப்படி. ஐந்தாவது ஆள் பால்கனிக் கதவுக்கு வெளியே நிற்பவன். இடது ஓரம், ரொம்பத் தாமதம், மங்கலோ மங்கல். அவன் உள்ளே வரவே கூடாது. அதுதான் என் கணக்கில் பயமே. இரண்டு நாள் உட்கார்ந்து அவனை அங்கே நிறுத்தினேன்.

ஒரு நாள் சாயங்காலம் கேட்டால், ஐந்தாமவன் உள்ளே வந்திருந்தான்.

நடு மத்தியில் நின்றான். சத்தம் கூடியிருந்தது. மங்கலைக் காணோம். கூடத்தில் மகள் பென்சிலைச் சீவும் சத்தம் அவன் வழியாகத் தாழ்ந்த சுருதியில், யாரோ எலும்பைச் சுரண்டுவது போல என் நெற்றிக்கு நேரே கேட்டது. ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். மற்ற ஏழையும் அழுத்திப் பார்த்தேன், எல்லாம் வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தன. ஐந்து மட்டும் மாறியிருந்தது.

கை தவறிப் பட்டிருக்கும் என்று திரும்ப வெளியே அனுப்பினேன். சில நாளில் மறுபடியும் உள்ளே வந்திருந்தான். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளிடம் போய், "மெஷின்ல கை வெச்சியா?" என்றேன்.

"நான் வெக்கலப்பா."

"பொய் சொல்லாதே."

"நான் இல்லப்பா" என்றாள். அந்த 'நான்' கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. என்னை நிமிர்ந்து ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி நோட்டில் குனிந்துகொண்டாள். குட்டு வெளிப்பட்டதும் பிள்ளைகள் பார்க்கும் பார்வை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வீட்டு வேலைக்கு வரும் அம்மா. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். குடிசைகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டு போய்ப் போட்டதால், விடிவதற்குள் பஸ் பிடித்து வருகிறார். துடைக்கும்போது பட்டனில் துணி பட்டதா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"நான் அந்த ரூமுக்குள்ள போயே ஒரு மாசம் ஆவுது சார். நீங்க பாக்கலியா, மூலைல ஒட்டடையா கீது."

"ஏன் போறதில்ல?"

"காத்து கருப்பு கீது சார் உள்ள. அன்னிக்கு நீங்க உள்ள குந்திக்கினு இருந்தீங்க. காபி எட்த்தாந்து சார் சார்னு கூப்டறேன், கண்ணு தொறந்து கீது, பதிலே இல்ல. வாய மென்னுக்கினு இருந்தீங்க. உங்க மூஞ்சியே உங்க மூஞ்சியா இல்ல. நான் ஓடியாந்துட்டேன்."

"அது நான் கேட்டுட்டு இருந்திருப்பேன்" என்றேன்.

"இன்னாவோ சார்" என்று அவர் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். மறுநாள் என் அறை நிலைப்படியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கின. மைக்கில் இடிக்காமல் ஓரமாகக் கட்டியிருந்தார். நான் சிரித்தேன், ஆனால் அவிழ்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால் பயந்துபோயிருந்தேன். பேய்க்குச் சத்தம் செய்து கொடுப்பவன் பேய்க்குப் பயப்படக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியாமல் வீட்டுக்குள் ஒரு கை வேலை செய்கிறது. எட்டு பட்டனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அழுத்திப் பிடித்து, இன்னொரு கையால் குமிழைத் திருப்பி, பிறகு விரலை எடுக்கிறது. பூனையோ காற்றோ செய்கிற காரியம் இல்லை. அந்த வீட்டில்தான் என் மகள் பள்ளி விட்டு வந்து இருட்டும் வரை தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைகிறாள். பக்கத்து அறையில் அப்பா இருக்கிறார் என்ற தைரியத்தில் விட்டிருக்கிறோம். அந்தத் தைரியத்துக்கு நான் லாயக்கா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாசல் கதவின் உள்தாழ்ப்பாளைப் புதிதாக மாற்றினேன். பால்கனிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். மனைவி, "திருடன் பயமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து சின்னதாக ஒன்றை உரித்து, ஐந்தாவது பட்டனின் விளிம்பும் பலகையும் சேரும் இடத்தில் ஒட்டினேன். யாராவது அழுத்தினால் பொட்டு நகர்ந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். மதியம் மகளைக் கூட்டி வந்தேன், திரும்பவும் உட்கார்ந்தேன். சாயங்காலம் பார்த்தால் பொட்டைக் காணோம். ஐந்தாமவன் உள்ளே நின்றுகொண்டிருந்தான். மேஜைக்குக் கீழே, நாற்காலிக்கு அடியில் எல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை.

இரவு சாப்பிடும்போது மனைவி என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். "என் பொட்டை ஏன் கட்டை விரல்ல ஒட்டிக்கிட்டு சுத்தறே?" என்று சிரித்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையை எடுத்துப் பார்க்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லி மழுப்பினேன். அதற்கு மேல் அதை யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு மழை வந்தது. காலையில் டி.வி.யில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று சொன்னதும் மகள் போர்வைக்குள்ளிருந்தே ஒரு கூச்சல் போட்டாள். தரமணிக்கு மட்டும் மழை பெய்யாது போலும், மனைவி குடையோடு கிளம்பிப் போனாள். வேலைக்கார அம்மாவின் பஸ் வழியில் நின்றுவிட்டது. நானும் மகளும் மட்டும் வீட்டில். ஜன்னல் எல்லாம் சாத்தி, மதியமே விளக்குப் போட்டாயிற்று. ஆளில்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல சத்தம் கிடைக்காது என்று காபி போட்டு எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். சூடாக இருந்ததால் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு ஐந்தாவது பட்டனில் விரலை வைத்தேன்.

டம்ளரை எடுத்தேன். காபி சில்லென்றிருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.

ஹெட்போன் என் கழுத்தில் கிடந்தது. நான் கழற்றிய ஞாபகம் இல்லை. மாட்யூலின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அது பிடித்து வைக்கும் பட்டன். அதை அழுத்தினால் மாட்யூல் புதிதாக எந்தச் சத்தத்தையும் வாங்காது, கடைசியாக உள்ளே போன சில நிமிஷங்களையே சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டனை நான் அன்றுவரை தொட்டதே இல்லை. இப்போதுதான் வந்து போயிருக்கிறான், நான் இந்த நாற்காலியில் இருக்கும்போதே. வந்தவனின் சத்தம் இதற்குள் மாட்டியிருக்கும்.

ஹெட்போனை மாட்டினேன். எட்டு டேப்பும் ஒரே நேரத்தில் பேசின, ஒன்றும் புரியவில்லை. முதல் பட்டனை அழுத்திப் பிடித்தேன். மழை. அதற்குள் எங்கோ யாரோ பேசுவது போல ஒரு முனகல். இரண்டாவது. அதே மழை, அதே முனகல், வலப்பக்கச் சுவருக்குள்ளிருந்து. மூன்று, நான்கு. எல்லாவற்றையும் மங்கலாக வைத்தவன் நான்தான், அதனால் பேச்சு இருப்பது தெரிந்ததே ஒழிய வார்த்தை தெரியவில்லை. நான் கூடத்தை எட்டிப் பார்த்தேன். மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

ஐந்தை அழுத்தினேன்.

நெற்றிக்கு நேரே, தெள்ளத் தெளிவாக, இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் கனத்த, இழுத்து இழுத்துப் பேசும் குரல். முதல் குரல் எதையோ கேட்டது. இரண்டாவது குரல் நிதானமாகப் பதில் சொன்னது. நாற்காலி நகர்ந்தது. முதல் குரல் அதையே மறுபடி கேட்டது. மகள் படுத்திருக்கும் கூடத்துக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் நின்று இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள், அதுவும் பூட்டின வீட்டில். ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் பட்டனிலிருந்து விரல் வரவில்லை.

சுருதி தாழ்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஐந்தின் சுருதியை யாரோ தரைக்கு இறக்கி வைத்திருந்தார்கள். பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இடது கையால் சுருதிக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே திருப்பினேன்.

இரண்டாவது குரல்தான் முதலில் மாறியது. கனத்த ஆள் இளைஞன் ஆனான். இளைஞன் ஒரு பெண் ஆனான். பெண் சின்னவளாகிக்கொண்டே வந்தாள். இன்னும் அரை நூல் திருப்பினேன். என் மகள்.

"நான்தான்பா. உன் பொண்ணு. உக்காரு."

முதல் குரலும் அதே குமிழில் ஏறி வந்து தன் இடத்தில் நின்றது. இத்தனை வருஷமாக மைக்குக்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிச் சொல்லிச் சலித்த குரல். எனக்கு அதை நன்றாகத் தெரியும்.

"யாரு?" என்றது என் குரல். "யாரு நீ?"

"நான்தான்பா. இரு, இப்ப முடிஞ்சிடும். ஹெட்போனைக் கழட்டறேன், ஒயர் இழுக்குது பாரு. பட்டனை விடு. சரி, அழுத்திக்கோ, பரவால்ல."

"யாரு?"

"நான்தான்பா."

மகளின் குரலில் பயம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரொம்ப நாளாகச் செய்யும் வேலையைச் செய்பவர்களுக்கு வரும் பொறுமை அதில் இருந்தது. மாட்யூல் சுற்றி வந்து மறுபடி முதலிலிருந்து சொல்லியது. நான் கேட்டேன். மறுபடியும் கேட்டேன்.

கூடத்துக்குப் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் ஒரு யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் முன்னாடி அப்பாகிட்ட பேசினியா?"

"ம்."

"அப்பா என்ன பண்ணேன்?"

"கேட்டுட்டு இருந்தே" என்றாள். "கேக்கறப்ப எப்பவும் பண்ணுவியே, அதான். வாயை மெல்லுவே, பட்டனைப் புடிச்சிக்கிட்டு திருப்பிக்கிட்டே இருப்பே. அப்புறம் யாருன்னு கேப்பே. நான் சொல்வேன். அப்புறம் சரியாயிடும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"கூப்பிடக் கூடாதுன்னு நீதானே சொன்னே. மெஷின்ல கை வெச்சது நான் இல்லன்னு சொன்னேன், பொய்யின்னு சொல்லிட்டே." அதைச் சொல்லும்போது மட்டும் உதடு கொஞ்சம் பிதுங்கியது.

அடுத்த கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியாது. "ஹெட்போன் போடாதப்ப இந்த மாதிரி ஆயிருக்கா?"

அவள் யானையின் காதுக்கு வண்ணம் அடித்தாள். "ஸ்கூட்டர்ல ஒரு தடவை."

"எங்க?"

"லஸ் சிக்னல்ல. பச்சை விழுந்திடுச்சு. நீ போகவே இல்ல. பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிச்சாங்க. ஒரு அங்கிள் திட்டினாரு. நான் உன் முதுகைத் தட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் மறுபடி சிவப்பு வந்துச்சு, அப்ப நீ சரியாயிட்டே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நின்னுக்கிட்டுதான் இருந்தோம், ஓடல" என்று எனக்கு ஆறுதல் போலச் சொன்னாள்.

அந்தச் சிக்னல் எனக்கு ஞாபகம் இல்லை. இன்றைக்கும் இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது இது வந்திருந்தால்? அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வண்ணம் கலைந்துவிட்டது என்று அவள் கோபித்துக்கொண்டாள். பால்கனிக்குப் பூட்டு வாங்கிப் போட்ட புத்திசாலி, அந்தப் பிள்ளையைத் தினமும் இரண்டு வேளை பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

மனைவி வந்ததும் ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். கேட்டு முடித்துவிட்டு அவளே ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பிறகு, "நான் ஏதாவது முக்கியமா பேசறப்ப நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு நிப்பே. எத்தனை தடவை. என்னை மதிக்கலன்னு நினைச்சுப்பேன். எத்தனை நாள் உன்கிட்ட பேசாம இருந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஈரக் குடையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். என்னிடம் ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு, "உங்களுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது. பாத்தவங்க சொல்லணும்" என்று என்னை ஓரங்கட்டிவிட்டார். அதிகம் பார்த்தவள் என் மகள்தான். மருத்துவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். வாய் எப்படி, கை எப்படி, எவ்வளவு நேரம், முடிந்ததும் அப்பா என்ன கேட்பார் என்று அவர் கேட்கக் கேட்க, பள்ளியில் பாடம் ஒப்பிப்பது போல எழுந்து நின்று சொன்னாள். நான் என் கதையை வேறு யாரோ ஒருவரின் கதை போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதுவும் வலிப்புதானாம். கீழே விழுந்து கை கால் வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பு இல்லையாம். சில நிமிஷம் ஆள் அங்கேயே இருப்பார், கண் திறந்திருக்கும், கை பழகின வேலையைச் செய்துகொண்டிருக்கும், உள்ளே மட்டும் ஆள் இருக்க மாட்டார். நினைவு திரும்பும்போது கொஞ்ச நேரம் யாரையும் அடையாளம் தெரியாது. என் வலது கட்டை விரல் மேஜையில் இயல்பாக விழும் இடத்தில் ஐந்தாவது பட்டன் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். சிவப்பு விளக்குப் பட்டனையும் அந்தக் கைதான் அழுத்தியிருக்கும். மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றார். வண்டி ஓட்டக் கூடாது என்பதைக் குரலை உயர்த்தாமல் சொன்னார். நான் அதற்குள்ளாகவே ஸ்கூட்டர் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டிருந்தேன்.

மனைவி மருந்துக் கடையில் வரிசையில் நின்றாள். நானும் மகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் காலை ஆட்டிக்கொண்டு, மருத்துவர் கொடுத்த மிட்டாயின் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா."

"என்னடா?"

"நீ யாருன்னு என்னைக் கேப்பியே, அது சும்மா விளையாட்டுக்குன்னு நினைச்சேன்." என் முகத்தைப் பார்க்கவில்லை. "டாக்டர் சொன்னாரே, அப்ப நிஜமாவே உனக்குத் தெரியாதா? என்னை?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இல்லாத வீட்டையும் இல்லாத ஆளையும் உண்டு என்று நம்பவைப்பதுதானே என் பிழைப்பு. ஆனால் முன்பு ஒரு முறை அவள் உண்மை சொன்னபோது நான் நம்பவில்லை. அவளிடம் இனி என்னால் அப்படி நடந்துகொள்ள முடியாது.

"தெரியாதுடா" என்றேன். "அந்தக் கொஞ்ச நேரம் நிஜமாவே தெரியாது."

ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. பிறகு நகர்ந்து வந்து என் கையோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"சரி, இனிமே இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்றேன்" என்றாள்.